பூனையின் நெஞ்சு நீரை வைத்து இதய நோய் என்று சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஐந்து வயது ஆண் நாட்டுப் பூனை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நெஞ்சில் நீர் கோத்திருப்பதைப் பார்த்த மருத்துவர் ஊசி வைத்து 140 மில்லி எடுத்தார். நீர் வெளிறிய ரோஸ் மில்க் போல இருந்தது. அதில் கொஞ்சத்தை ஒரு கிட்டில் விட்டுப் பார்த்து, ‘இதய நோய்க்கு பாசிட்டிவ்’ என்றார். லேப் அறிக்கையில் நீரின் புரதம் 5.1 என்று வந்ததைப் பார்த்த இன்னொரு மருத்துவர், ‘இது எஃப்ஐபி (பூனைகளுக்குக் கொரோனா வைரஸால் வரும் கொடிய நோய்), இதயம் காரணமில்லை’ என்கிறார். யார் சொல்வதை நம்புவது, நீரை வைத்தே முடிவு செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நீரை வைத்து ‘இதயம் காரணமில்லை’ என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ‘இதயம்தான் காரணம்’ என்று நீரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்த்தாக வேண்டும். உங்கள் பூனை விஷயத்தில், எஃப்ஐபிக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அந்த 5.1 என்ற எண் மேலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பல வருடமாகப் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் காரணத்தை விளக்குகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நாய்க்கு இடப்பக்க இதயம் தளர்ந்தால் நீர் பெரும்பாலும் நுரையீரலுக்குள்தான் கோக்கும். பூனைக்கு நுரையீரலுக்குள்ளும் கோக்கலாம், நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியிலும் கோக்கலாம். பூனைகளிடம் அதிகம் காண்கிற இதய நோய் இதயத்தசை தடித்துப் போவது. தடித்த சுவர் சரியாகத் தளர்ந்து விரியாது. அதனால் இரத்தம் உள்ளே வரும் வழியிலேயே தேங்கி, இடது மேலறை பலூன் மாதிரி உப்பிவிடும். அழுத்தம் பின்னோக்கி நுரையீரலின் நாளங்களுக்கு ஏறும்போது நீர் கசிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இதில் ஒன்றுமே தெரியாது. இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்காமலேயே, நேற்றுவரை மதில் ஏறிக் குதித்த பூனை இன்று மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ஏன் முன்னாடியே கவனிக்கவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்வதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பூனைகள் இதைக் கடைசிவரை மறைத்துவிடும்.

உங்கள் முதல் மருத்துவர் செய்த காரியம் சரியானது. எக்ஸ்ரேக்காகப் பூனையை மல்லாக்கப் படுக்க வைக்காமல், முதலில் நீரை எடுத்திருக்கிறார். மூச்சுத் திணறும் பூனையை மல்லாக்கப் படுக்க வைத்தால் மேஜையிலேயே உயிர் போகலாம். ஆக்சிஜன் கொடுத்து, லேசாக மயக்கம் தருகிற மருந்து போட்டு, வயிற்றின் மேல் குப்புற உட்கார்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது விலா எலும்புகளுக்கு நடுவே, நெஞ்சின் கீழ்ப்பாகத்தில், பட்டர்ஃபிளை ஊசியை நுழைப்போம். எலும்பின் முன் ஓரத்தை ஒட்டியே ஊசி போக வேண்டும். பின் ஓரத்தில் இரத்தக்குழாய் ஓடுகிறது. ஊசி உள்ளே போனதும் குழாயில் நீர் ஏறுகிற அந்த நொடி எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு லேசாகும். அறுபது எழுபது மில்லி வந்ததும் பூனை வாயை மூடும். நூறு தாண்டியதும் சுற்றிமுற்றிப் பார்க்க ஆரம்பிக்கும். நெஞ்சில் கோத்த நீரை மாத்திரை ஊசியால் வேகமாகக் கரைக்க முடியாது. நீர் பிரிக்கும் மருந்தான ஃபுரோசமைடு நுரையீரலுக்குள் இருக்கிற நீருக்கு நன்றாக வேலை செய்யும், இந்த இடைவெளி நீரை ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எடுத்த நீரைக் கீழே கொட்டக் கூடாது. ஒரு பங்கு உறையாமல் தடுக்கும் ஊதா மூடி ஈடிடிஏ டியூபில், ஒரு பங்கு சாதா டியூபில், அப்புறம் உடனே இரண்டு ஸ்லைடு. ஸ்லைடை அப்போதே இழுத்துக் காயவிடாமல் மறுநாள் லேபில் செய்தால் செல்கள் சிதைந்துபோய், கிருமித் தொற்றா கட்டியா என்று தெரியாமல் போகும். உங்கள் அறிக்கையில் ‘செல்கள் சிதைந்துள்ளன’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அனேகமாக இதுதான் காரணம்.

இப்போது நிறத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ரோஸ் மில்க் நிறம். பால் போன்ற நீர் என்றால் பெரும்பாலும் அது நிணநீர். குடலிலிருந்து கொழுப்பை ஏற்றிக்கொண்டு போகிற நிணக்குழாய் நெஞ்சு வழியாகப் போய்த்தான் கழுத்துக்கு அருகே பெரிய சிரையில் கலக்கிறது. இதயம் தளர்ந்து அந்தச் சிரையில் அழுத்தம் ஏறினால் நிணநீர் இறங்க வழியில்லாமல் நெஞ்சுக்குள் கசியும். அதனால் இதய நோயில் பூனைக்குப் பால் நிற நீர் வருவது அபூர்வமில்லை. அதே சமயம், நெஞ்சுக்குள் கட்டி, நுரையீரல் மடல் முறுக்கிக்கொள்வது, காரணமே கண்டுபிடிக்க முடியாத நிணநீர்க் கசிவு என்று வேறு காரணங்களும் இதே நிறத்தில்தான் வரும்.

பால் நிறம் கொழுப்பாலா, சீழ்ச் செல்களாலா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. டியூபை சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால், செல்களால் கலங்கிய நீர் அடியில் வண்டல் தங்கி மேலே தெளிந்துவிடும். கொழுப்பால் கலங்கியது எவ்வளவு சுற்றினாலும் தெளியாது. உறுதி செய்ய, நீரிலும் இரத்தத்திலும் ஒரே நேரத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். நீரில் அதிகமாக இருந்தால் அது நிணநீர். மனித லேபிலேயே இதைச் செய்துவிடலாம், செலவும் குறைவு. இன்னொரு விஷயம், இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு உணவிலிருந்து கொழுப்பு போகாததால் நிணநீர் அவ்வளவு வெள்ளையாக இருக்காது. அதனால் உங்கள் பூனை விஷயத்தில் நிறத்தை மட்டும் நம்பாமல் இந்தச் சோதனைகளைப் பார்ப்பது இன்னும் முக்கியம்.

புரதம் 5.1 பற்றி எனக்கு ஏன் சந்தேகம் என்றால், பெரும்பாலான கிளினிக்குகளிலும் சின்ன லேப்களிலும் நீரின் புரதத்தை ரிஃப்ராக்டோமீட்டரில்தான் பார்க்கிறார்கள். ஒரு துளியைக் கண்ணாடி மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே தெரிகிற கோட்டைப் படிக்கிற கருவி. ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து அது புரதத்தைக் கணிக்கிறது. கொழுப்பும் ஒளியை வளைக்கும். பால் நிற நீரை அதில் வைத்தால் உண்மையைவிட அதிகமான எண்ணைக் காட்டும். கோடே மங்கலாகத் தெரியும், படிப்பவர் ஏதோ ஒரு இடத்தை முடிவு செய்துகொள்வார். ஆகவே அந்த 5.1ல் எவ்வளவு புரதம், எவ்வளவு கொழுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. இதய நோயில் வருகிற நீரின் புரதம் பொதுவாக டெசிலிட்டருக்கு 2.5 கிராமை ஒட்டியும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கும். எஃப்ஐபியில் 3.5ஐத் தாண்டுவது வழக்கம். எண் நம்பத்தக்கதாக இருந்தால் இந்த வித்தியாசம் பயன்படும். இங்கே எண்ணே ஆட்டம் காண்கிறது.

எஃப்ஐபி நீரை ஒருமுறை கையில் தொட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி மஞ்சளாக, தெளிவாக, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் நூல் மாதிரி வரும். பால் நிறத்தில் வருவது அரிது. வயதும் பார்க்க வேண்டும். எஃப்ஐபி பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் இருக்கிற பூனைகளைத் தாக்குகிறது. ஐந்து வயதில் வரவே வராது என்று சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, நீர் பால் நிறம் என்று நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்தால் எஃப்ஐபிக்கு ஆதரவாக அந்த ஒரே ஒரு எண்தான் மிஞ்சுகிறது.

மீதி நீர் இருந்தால் ரிவால்டா சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு டியூபில் ஏழெட்டு மில்லி காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு துளி அடர் அசிட்டிக் அமிலம், நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டு, மேலிருந்து நெஞ்சு நீர் ஒரு துளி மெதுவாக விட வேண்டும். துளி கரைந்து காணாமல் போனால் நெகட்டிவ். ஜெல்லி மாதிரி உருண்டு மேலேயே தொங்கினாலோ, வால் விட்டுக்கொண்டு முழுசாக அடிக்கு இறங்கினாலோ பாசிட்டிவ். நெகட்டிவ் வந்தால் எஃப்ஐபி இருக்க வாய்ப்பு குறைவு. பாசிட்டிவ் வந்தால் எஃப்ஐபி, சீழ், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் எதுவாகவும் இருக்கலாம். ஆல்புமினுக்கும் குளோபுலினுக்கும் உள்ள விகிதமும் உதவும். நீரில் அது 0.4க்குக் கீழே இருந்தால் எஃப்ஐபி சந்தேகம் வலுக்கும், 0.8க்கு மேலே இருந்தால் எஃப்ஐபி பெரும்பாலும் இல்லை. இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. எஃப்ஐபி என்று நம்பிவிட்டால் ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை வழக்கமாக 84 நாள் கொடுப்பார்கள். அந்த மருந்து எத்தனையோ பூனைகளைக் காப்பாற்றியிருக்கிறது, எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் நோய் இதயத்தில் இருந்தால், அந்த 84 நாளில் உங்கள் பணமும் போகும், பூனைக்குத் தேவையான நாட்களும் போகும்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். இதயத்தசை நீட்டி இழுபடும்போது அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. பெயர் பிஎன்பி. 1988ல் ஜப்பானில் பன்றி மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது, பெருமளவில் சுரப்பது இதயம்தான். அந்த ஹார்மோன் உருவாகும்போது வெட்டுப்படுகிற இன்னொரு துண்டுதான் என்டி-புரோபிஎன்பி. இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குவதால் அதையே அளக்கிறோம். மூச்சு வாங்குகிற பூனையின் காலைப் பிடித்து இரத்தம் எடுப்பது ஆபத்து, திமிறினால் அந்தத் திமிறலே அதைக் கொன்றுவிடலாம். நெஞ்சு நீரோ உயிரைக் காப்பாற்றுவதற்காக ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, டியூபில் இருக்கிறது. அதிலேயே பார்த்துவிட்டால் என்ன என்ற யோசனையிலிருந்துதான் இந்த முறை வந்தது. பூனையைத் துன்புறுத்தாமல் சுமார் பத்து நிமிடத்தில் ஒரு விடை கிடைக்கிறது என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த சோதனை.

அந்த விடை எந்தப் பக்கம் உறுதியானது என்பது தெரிந்திருக்க வேண்டும். 2016ல் வெளியான ஓர் ஆய்வில் நெஞ்சில் நீர் கோத்த 38 பூனைகளைப் பார்த்தார்கள். 21 பூனைகளுக்கு இதயம் காரணம், 17 பூனைகளுக்கு வேறு காரணம். கிளினிக் கிட்டில் நெஞ்சு நீரை விட்டபோது, இதய நோய் உள்ள 21ம் பாசிட்டிவ் காட்டின, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் இதய நோய் இல்லாத 17ல் 6 பூனைகளும் பாசிட்டிவ் காட்டிவிட்டன. பெரிய லேபில் எண்ணாக அளந்து, லிட்டருக்கு 240 பிகோமோல் என்று கோடு போட்டபோது அந்தத் தவறு 4 ஆகக் குறைந்தது. அதே கிட்டில் இரத்த பிளாஸ்மாவை விட்டபோது, இதய நோய் உள்ள ஒரு பூனை தப்பியது, ஆனால் பொய்யான பாசிட்டிவ் நன்றாகவே குறைந்தது.

கிட்டின் கோடு இரத்தத்துக்காகப் போடப்பட்டது. நெஞ்சு நீரில் இந்தப் பொருளின் அளவு இரத்தத்தைவிட உயர்ந்து நிற்பதால், இரத்தத்தில் தேறாத பூனைகூட நீரில் பாசிட்டிவ் ஆகிவிடும். நீரை நீர்க்கச் செய்து கிட்டில் விட்டால் இந்தத் தவறு குறைகிறதா என்றுகூட ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்த அழுத்தம், உடம்பு முழுக்கப் பரவிய கடும் நோய் இவையும் எண்ணை ஏற்றிவிடும். ஆகவே நெஞ்சு நீரில் கிட் நெகட்டிவ் என்றால், ‘இதயத்தை விட்டுவிட்டு வேறு காரணம் தேடு’ என்று தைரியமாகப் போகலாம். பாசிட்டிவ் என்றால், ‘எக்கோ பார்க்கும்வரை இதய நோய் போலவே நடத்து’ என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் முதல் மருத்துவரின் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபித்தது கிட் என்று சொல்ல முடியாது.

எக்கோவில் முதலில் கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம், இடது மேலறை பெருத்திருக்கிறதா? பெருந்தமனியின் குறுக்களவோடு ஒப்பிட்டு, விகிதம் 1.5க்கு மேலே போனால் பெருத்திருக்கிறது என்போம். நெஞ்சில் 140 மில்லி நீர் கோக்கிற அளவுக்கு இதயம் தளர்ந்திருந்தால் அந்த அறை அனேகமாக ஒன்றரை மடங்கைத் தாண்டி நன்றாகவே உப்பியிருக்கும், அனுபவம் குறைந்தவர் கண்ணுக்கும் தெரியும். அறை சாதாரணமாக இருந்தால், கிட் என்ன சொன்னாலும் நீருக்கு வேறு காரணம் தேட வேண்டியதுதான். அப்புறம் சுவரின் தடிமன். பூனைக்கு 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் தடித்திருக்கிறது. அதே ஸ்கேனில் இதயத்துக்கு முன்னால் கட்டி ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் நீர் இருக்கும்போது ஸ்கேனில் கட்டி இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால் மறுபடி நீர் கோத்தால், பூனை தாங்குகிற நிலையில் இருந்தால், எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் புரோபை வைத்துப் பார்க்கலாம்.

நீங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். ஒன்று, கடந்த சில வாரங்களில் தோல் அரிப்புக்கோ வேறு எதற்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா, அல்லது டிரிப் ஏற்றினீர்களா? வெளியே தெரியாமல் இதய நோய் இருக்கிற பூனையை, நீண்ட நாள் வேலை செய்கிற ஸ்டீராய்டு ஊசி ஒன்றே இந்த நிலைக்குத் தள்ளிவிடலாம். அப்படி வந்தது சில சமயம் குணமாகி, மருந்தே நிறுத்திவிடுகிற அளவுக்குத் தேறிவருவதும் உண்டு. அதே காரணத்தால், ‘எதற்கும் ஒரு ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம்’ என்று எக்கோவுக்கு முன்னால் யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். லிம்ஃபோமா இருந்தால் அந்த ஸ்டீராய்டு புற்றுச் செல்களையும் மறைத்துவிடும்.

இரண்டாவது, சாப்பாடு. பால் சோறு, தயிர் சோறு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மீன் என்று எழுதியிருக்கிறீர்கள். டாரின் என்ற பொருளைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானாகச் செய்துகொள்ளாது. இறைச்சி, மீன் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். சோற்றிலும் தயிரிலும் அது கிட்டத்தட்ட இல்லை. டாரின் குறைந்தால் இதயச்சுவர் மெலிந்து இதயம் பெருத்துத் தளரும் என்று 1987ல் கலிஃபோர்னியாவில் பால் பியன் (Paul Pion) என்ற கால்நடை மருத்துவரும் சகாக்களும் காட்டினார்கள். அதற்குப் பிறகே பூனை உணவுத் தயாரிப்பில் டாரின் அளவைக் கூட்டினார்கள், அந்த வகை இதய நோய் பெருமளவு குறைந்தது. நம் வீடுகளில் சோறு தின்று வளர்கிற பூனைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எக்கோவில் சுவர் தடித்திருப்பதற்குப் பதிலாக மெலிந்து, சுருங்கும் வலு குறைந்திருந்தால், டாரின் குறைபாட்டை உடனே நினைக்க வேண்டும். பூனைகளின் இதய நோயில் உணவால் திரும்பக்கூடிய வகை அனேகமாக இது ஒன்றுதான், சில மாதங்கள் பிடிக்கும். மீனை வேகவைத்தால் அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் சேர்த்துக் கொடுங்கள், டாரின் அதில்தான் கரைந்து இறங்கியிருக்கும். ஆனால் உப்பு, மசாலா எதுவும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. ஃபிரிட்ஜில் அந்த டியூப் இன்னும் இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். இருந்தால் டிரைகிளிசரைடும் ரிவால்டாவும் அதிலேயே பார்க்கலாம். புரதத்தை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தார்களா, இயந்திரத்தில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இந்த வாரத்துக்குள் எக்கோ. கிட் முடிவை வைத்து முதல் மருத்துவர் ஆரம்பித்த ஃபுரோசமைடை அதுவரை நிறுத்த வேண்டாம். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பின்னங்கால்கள் திடீரென்று சில்லிட்டு இழுபட்டு, வலியில் பூனை கத்தினால், இதயத்திலிருந்து இரத்தக்கட்டி போய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

நீர் திரும்பக் கோக்கிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பூனை நன்றாகத் தூங்கும்போது, கர்ர் என்று சத்தம் போடாத நேரமாகப் பார்த்து, விலாப்பக்கம் ஒருமுறை ஏறி இறங்குவதை ஒரு மூச்சு என்று கணக்கு வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 30க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தொடர்ந்து அதற்கு மேலே போனாலோ, தினமும் 20 இருந்தது இரண்டு மூன்று நாளில் 28, 32 என்று ஏறிக்கொண்டே வந்தாலோ, பூனை வாயைத் திறக்கும்வரை காத்திராமல் கொண்டுபோங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, எக்கோவுக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அறிக்கையையும் சுவரின் அளவையும் இங்கே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.